அண்டை வீடும் தரகுக் கூலியும்



சென்ற மாதம் இஷாத் தொழுகைக்குப் பின் நம் சங்கத்துச் சகோதரர்கள் சிலர் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி கிளம்பிற்று. கேட்டவர் ஜார்ஜ் டவுனில் நாசி கண்டார் கடை நடத்தும் ஒரு பெரியவர். அவர் கடைக்கு இடப்புறக் கட்டிடமும் வலப்புறக் கட்டிடமும் ஒரே வருஷத்தில் கைமாறிவிட்டன. இரண்டையும் கைமாற்றிக் கொடுத்த வீட்டுத் தரகர் அதே வரிசையில் மாடியில் குடியிருப்பவர். தினந்தோறும் காலையில் அவர் கடையிலேயே ரொட்டி சானாய் சாப்பிடுகிறவர். "இந்தப் பக்கமும் விற்றார், அந்தப் பக்கமும் விற்றார், நடுவில் உட்கார்ந்து என்னிடமே இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இது என்ன அண்டை வீட்டு முறை?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் அவர் கேட்டது சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக எனக்குப் படவில்லை. அதற்கு எனக்குள் ஒரு காரணம் உண்டு; அதைப் பின்னால் சொல்கிறேன்.

காரியதரிசி அவர்கள் இதையே இம்மாதப் பாடமாக எழுதும்படி என்னைப் பணித்தார்கள். நான் ஆலிம் அல்லன். ஓதிய காலத்தில் உஸ்தாதுமார் சொல்லிக் கொடுத்ததையும், கடையில் உட்கார்ந்து கண்டதையும் எழுதுகிறேன். பத்வா வேண்டுவோர் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளவும்.

முதலில் தரகுத் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மில் சிலர் தரகர் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். முதல் போடாமல் வாயை வைத்துச் சம்பாதிக்கிறவன் என்று ஏளனம் பேசுகிறார்கள். ஷரீஅத் அப்படிப் பேசவில்லை. புகாரி ஷரீபில் தரகர் கூலிக்கென்றே ஒரு பாடம் இருக்கிறது. இப்னு ஸீரீன், அதா, இப்ராஹீம், ஹஸன் ஆகிய முன்னோர்கள் அந்தக் கூலியில் குற்றம் காணவில்லை என்று இமாம் புகாரி ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள் அவ்விடத்தில் குறித்திருக்கிறார்கள். தரகருக்கு அரபியில் ஸிம்ஸார் என்று பெயர். பலர் சேர்ந்தால் ஸமாஸிரா.

கைஸ் இப்னு அபீ கரஸா ரலியல்லாஹு அன்ஹு என்ற ஸஹாபி அறிவிக்கும் ஒரு செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. மதீனாவில் வியாபாரம் செய்துவந்த அவரையும் அவர் கூட்டாளிகளையும் ஜனங்கள் ஸமாஸிரா என்றே அழைத்துவந்தார்களாம். நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அவர்களிடம் எழுந்தருளி, அதைக் காட்டிலும் நல்ல பெயராகிய துஜ்ஜார், அதாவது வியாபாரிகள், என்ற பெயரால் விளித்தார்கள். கொடுக்கல் வாங்கலில் வீண் பேச்சும் சத்தியமும் வந்து சேர்ந்துவிடுகின்றன, ஆகையால் அதனுடன் ஸதகாவையும் கலந்துகொள்ளுங்கள் என்ற கருத்துப்பட உபதேசித்தார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது யாதெனில், தரகரும் கடைக்காரரும் அன்று ஒரே வரிசையில் நின்றார்கள். ஒரே உபதேசத்தைக் கேட்டார்கள். ஆகவே தரகரைப் பழிப்பதற்கென்று இப்பாடத்தை யாரும் வாசிக்க வேண்டாம். இதில் வரும் குற்றத்தில் பாதி நம்முடையது.

ஓரிடத்தில் மாத்திரம் தரகுக்குத் தடை வந்திருக்கிறது. பட்டணத்தில் இருப்பவன் நாட்டுப்புறத்திலிருந்து வருகிறவனுக்காக விற்றுக் கொடுக்கலாகாது என்பது அந்தத் தடை. இதன் கருத்து என்னவென்று கேட்கப்பட்டபோது, அவனுக்குத் தரகனாக இருக்கலாகாது என்று இப்னு அப்பாஸ் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் விளக்கினார்கள். வெளியூரான் தன் சரக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்து அன்றைய விலைக்கு விற்றால் ஊர் ஜனங்களுக்குச் சகாயமாகக் கிடைக்கும். பட்டணத்தான் குறுக்கே புகுந்து, சரக்கை என்னிடம் விட்டுப் போ, நான் மெதுவாக ஏற்றி விற்றுத் தருகிறேன் என்றால் வெளியூரானுக்கு லாபம், தரகனுக்குக் கூலி, ஊருக்குக் கஷ்டம். இந்தத் தடை எந்தச் சரக்கில், எந்தக் காலத்தில் செல்லும் என்பதில் மத்ஹபு இமாம்களிடையே விவரங்கள் உண்டு. நமக்கு வேண்டியது அதன் அடிப்படைதான். விற்கிறவனும் வாங்குகிறவனும் சம்மதித்துவிட்டார்கள் என்பதோடு தரகரின் பொறுப்பு முடிவதில்லை. பேரத்தில் கலவாத மூன்றாம் மனிதர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு வருவதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீட்டுப் பேரத்தில் அந்த மூன்றாம் மனிதர் யார்? அண்டை வீட்டுக்காரரே. சரக்கை வாங்கியவன் எடுத்துக்கொண்டு போய்விடுவான். கட்டிடம் அங்கேயே நிற்கும். தரகர் வாங்குகிறவருக்கு ஒரு கட்டிடத்தைக் கொடுக்கும்போது, பக்கத்தில் இருப்பவனுக்கு ஓர் அண்டை வீட்டுக்காரனையும் சேர்த்துக் கொடுக்கிறார். அவனைக் கேட்காமலே கொடுக்கிறார். நம் ஊரில் ஒரு காலத்தில் காலிக் கடைவீடுகளைப் பறவைக் கூட்டுக்காக விற்றும் வாடகைக்கு விட்டும் வந்தார்கள். ஜன்னலை அடைத்து, ஒலிபெருக்கியில் பறவைச் சத்தத்தை இரவு பகலாகப் போட்டுவிட்டு முதலாளி வேறு ஊரில் இருப்பார். பக்கத்து மாடியில் குழந்தையைத் தூங்கவைக்கிறவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். பாரம்பரிய வட்டாரத்தில் உள்ளவற்றை 2013-ஆம் வருஷ முடிவுக்குள் அகற்ற வேண்டுமென்று மாநில அரசாங்கம் உத்தரவிட்ட பிறகுதான் அது ஓய்ந்தது. அக்கட்டிடங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர்களுக்கு, பக்கத்து மாடியில் யார் தூங்குகிறார்கள் என்பது தெரியாமலா இருந்திருக்கும்?

அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றி நாம் ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம். ஜிப்ரீல் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் அண்டை வீட்டாரைப் பற்றித் திரும்பத் திரும்ப வலியுறுத்தியதால், அவர்களுக்குச் சொத்தில் பங்கே ஏற்படுத்திவிடுவார்களோ என்று நாயகம் அவர்கள் எண்ணும் அளவுக்கு ஆயிற்று என்பதும், எவனுடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டான் அச்சமற்று இருக்கவில்லையோ அவன் ஈமான் கொண்டவனாகமாட்டான் என்பதும் பிரசித்தமான ஹதீதுகள். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டபடியால், நோன்புக் கஞ்சியை ஒரு தூக்கில் கொடுத்தனுப்பிவிட்டால் அந்த ஹக்கு தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறோம். கஞ்சி கொடுப்பது நல்லதுதான். நான் சொல்லவந்த தரகர் கஞ்சி கொடுப்பதில் எவருக்கும் இளைத்தவர் அல்லர்.

விஷயத்துக்கு வருவோம். அண்டை வீட்டுக்காரனுக்கு மட்டும் தெரிகிற சங்கதிகள் சில உண்டு. எந்தக் கடை இப்போதெல்லாம் பதினோரு மணிக்குத்தான் திறக்கிறது, எந்த வீட்டில் கரண்டுப் பணம் இரண்டு மாதம் நின்றிருக்கிறது, எந்த வாப்பாவும் மகனும் பேசிக்கொள்வதில்லை, இத்தாவில் இருக்கும் எந்த அம்மாவின் மக்கள் கணக்குப் பார்க்க வந்து போகிறார்கள், எந்தப் பெரியவருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பதெல்லாம் சுவருக்கு அடுத்த பக்கம் இருப்பவனுக்குக் கேட்காமலே தெரிந்துவிடும். மற்றவர்களுக்கு இவை வெறும் சங்கதிகள். தரகருக்கோ இவை சரக்கு. எந்தக் கட்டிடம் விலைக்கு வரும் என்பது, விற்பனைப் பலகை தொங்குவதற்கு ஆறு மாதம் முன்னதாகவே இந்தச் சங்கதிகளில் இருக்கிறது. வெளியூர்த் தரகர் கதவிடுக்கில் துண்டுக் காகிதம் செருகிவிட்டுப் போவார். அதனால் பெரிய தீங்கில்லை, குப்பையில் போட்டுவிடலாம். தெருவிலேயே குடியிருப்பவருக்குக் காகிதம் வேண்டியதில்லை.

ஒரு ஹதீது அபூதாவூதிலும் திர்மிதியிலும் உண்டு. ஒருவன் ஒரு விஷயத்தைப் பேசும்போது இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தானானால் அந்தப் பேச்சு அமானிதமாகிவிடுகிறது என்பது அதன் கருத்து. யாரிடமும் சொல்லாதே என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை. தலையைத் திருப்பியதே போதும். இதை நான் பன்னிரண்டாம் வயதில் ஓதினேன். நாற்பது வயதுக்கு மேல்தான் இதன் பொருள் எனக்கு விளங்கிற்று.

அதைச் சொல்வதற்கு முன் நம் ஊர் நிலைமையையும் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் இளைஞர்களுக்கு விளங்காது. நம் பாட்டனார்கள் காலத்துக் கடைவீடுகளில் 1948-க்கு முன் கட்டியவற்றுக்கு, 1966-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காவலாக இருந்தது. வாடகையை இஷ்டம்போல் ஏற்றவோ, குடியிருப்பவரை நினைத்தபோது வெளியேற்றவோ முடியாது. கட்டிடத்துக்கு விலை இல்லாததனால் தரகருக்கும் அதிக வேலை இல்லை. கடை கைமாறும்போது புதியவரிடம் பழையவர் ரகசியமாக டீ காசு வாங்குவார். இடையில் நிற்பவருக்கு அதில் கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான். அச்சட்டம் 1997-ல் ரத்தாயிற்று. 1999 டிசம்பர் 31 வரை தவணை கொடுத்தார்கள். 2000 ஜனவரி முதல் தேதி விடிந்தபோது வாடகை சொந்தக்காரர் கேட்டதுதான் என்றாகிவிட்டது. நம்மவர் எத்தனை பேர் அந்த வருஷத்தில் தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றினார்கள் என்பதைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிறகு 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. பெருமைதான். ஆனால் காரை பெயர்ந்த கடைவீட்டுக்கும் சிங்கப்பூரிலிருந்து வாங்க ஆள் வந்தது அதன் பிறகுதான். ஓட்டல்களும் அலங்காரக் காப்பிக் கடைகளும் வரிசையாக முளைத்தன. சொந்தக் கட்டிடம் வைத்திருந்தவர்கள் மட்டுமே நிம்மதியாக உறங்கினார்கள்.

என் கடைக்கு அடுத்த கடை அப்படிச் சொந்தக் கட்டிடம். அத்தர், தொப்பி, தஸ்பீஹ் விற்கும் ஒரு பெரியவர் அதில் இருந்தார். அவருடைய வாப்பா வாங்கிய கட்டிடம். கிராண்டில் நான்கு பெயர் ஏறியிருந்தது: பெரியவர் பெயர், ஈப்போவிலிருந்த தம்பி பெயர், மௌத்தான சகோதரியின் மக்கள் இருவர் பெயர். பாகம் பிரிக்கவில்லை. நாற்பது அடி ஆழமுள்ள கடைவீட்டை நாலாக எப்படிப் பிரிப்பது? பெரியவர் கடை நடத்துவார், மற்ற மூவருக்கும் வருஷா வருஷம் ஏதோ கொடுத்தனுப்புவார்.

ஒரு நாள் அஸருக்குப் பிறகு அவர் என் கடை முன் முக்காலியில் உட்கார்ந்தார். அஞ்சடியின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு சொன்னார்: தம்பிக்கு உடம்புக்கு ஆகவில்லை, வைத்தியச் செலவுக்குத் தன் பங்கைக் காசாக்கித் தரும்படி கேட்கிறான், நானே வாங்கிக்கொள்ள ஆசை, ஆனால் அவ்வளவும் ஒரே தடவையில் என்னால் முடியாது, இரண்டு வருஷத் தவணை கேட்டிருக்கிறேன் என்று. நான், அல்லாஹ் லேசாக்குவான் என்றேன்.

நாலைந்து நாள் கழித்து, எங்கள் வரிசையில் குடியிருந்த தரகர் வழக்கம்போல் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நல்ல மனிதர். என் வாப்பா மௌத்தானபோது சந்தூக்குக்குத் தோள் கொடுத்தவர். "அத்தர்க்கடைப் பெரியவர் முகம் ஏன் வாட்டமாக இருக்கிறது நானா?" என்று கேட்டார். நான் சொல்லிவிட்டேன். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. இரக்கத்தால் சொன்னேனா, எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளச் சொன்னேனா என்று இன்று கேட்டால், இரண்டாவதுதான் அதிகம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்று வாரத்தில் தம்பியின் பங்கு விலையாயிற்று. அடுத்து சகோதரி மக்களின் பங்குகள். வாங்கியவர் ஒருவரே. நாலில் மூன்று பங்கு கையில் வந்ததும் பெரியவருக்கு லாயர் நோட்டீஸ் வந்தது: பாகம் பிரிக்க முடியாத கட்டிடம், மொத்தமாக விற்றுக் கிரயத்தைப் பங்கிட்டுக்கொள்ளச் சம்மதிக்காவிட்டால் கோர்ட்டுக்குப் போவோம் என்று. அவர் வயதில் கோர்ட்டு ஏறுவதா? கொடுத்துவிட்டு மகனோடு பட்டர்வொர்த் போய்ச் சேர்ந்தார். தரகரிடம் நான் கேட்டேன். "நான் என்ன பொய்யா சொன்னேன்? தம்பிக்குப் பணம் அவசரம், கிடைத்தது. நல்ல விலை. நான் செய்யாவிட்டால் வேறொருவர் செய்திருப்பார்" என்றார். அவர் பொய் சொல்லவில்லைதான். தம்பிக்கு வைத்தியம் நடந்ததும் உண்மைதான். விலையிலும் ஏமாற்று இல்லை. அவரிடம் சொல்ல எனக்குப் பதில் அகப்படவில்லை. அதைக் கிதாபில் தேடினேன்.

அங்கே ஷுப்ஆ என்று ஒரு பாடம் உண்டு. அசையாத சொத்தில் பங்குள்ளவன் தன் பங்கை அந்நியனுக்கு விற்றால், மற்றப் பங்காளி அதே விலையைக் கொடுத்து அதைத் தன்பக்கம் திருப்பிக்கொள்ளும் உரிமைக்கு ஷுப்ஆ என்று பெயர். பாகம் பிரிக்காத சொத்தில் பங்காளிக்கு இவ்வுரிமை உண்டு என்பதில் நாலு மத்ஹபும் ஒன்றுபட்டவை. அண்டை வீட்டுக்காரனுக்கும் உண்டா என்பதில்தான் பேதம். நம் கடற்கரை ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் பங்காளிக்கு மட்டுமே. எல்லை பிரிந்து வழியும் பிரிந்துவிட்டால் ஷுப்ஆ இல்லை என்று ஜாபிர் ரலியல்லாஹு அன்ஹு அறிவித்த ஹதீது அதற்கு ஆதாரம். இராவுத்தர்கள் முதலானோர் பின்பற்றும் ஹனபி மத்ஹபில் முதலில் பங்காளி, பிறகு வழியிலும் தண்ணீரிலும் கூட்டானவன், அதன் பிறகு ஒட்டிய வீட்டுக்காரன் என்று வரிசை உண்டு. இந்த நாட்டு நிலச் சட்டத்தில் அண்டை வீட்டுக்காரனுக்கு இப்படி ஓர் உரிமை கிடையாது. அதனால் கோர்ட்டில் போய் இதைக் கேட்க முடியாது. ஆனால் உரிமை கோர்ட்டில் செல்லாது என்பதால் ஒழுக்கமும் செல்லாது என்று ஆகிவிடுமா? பங்காளிக்கு அறிவிக்காமல் விற்பது கூடாது, அவன் விரும்பினால் எடுத்துக்கொள்வான், விரும்பாவிட்டால் விட்டுவிடுவான் என்ற கருத்துள்ள ஹதீது முஸ்லிம் ஷரீபில் இருக்கிறது. அதில் சொன்னது ஒரே ஒரு காரியம்: முன்கூட்டி அறிவிப்பது. எங்கள் அத்தர்க்கடைப் பெரியவருக்கு அந்த ஒன்றுதான் கிடைக்கவில்லை. தவணை கேட்டிருந்த தமையனுக்குச் சொல்லாமல் தம்பி கையெழுத்துப் போட்டார். சொல்லாமல் போடவைத்தவர் தரகர். வழி காட்டியவன் நான்.

ஷுப்ஆ பாடத்தில் புகாரி ஷரீபில் வரும் ஒரு சம்பவத்தை வியாபாரிகளாகிய நாம் கணக்கோடு படிக்க வேண்டும். நாயகம் அவர்களால் உரிமை விடப்பெற்ற அபூராபிஉ ரலியல்லாஹு அன்ஹு அவர்களுக்கு ஸஅது இப்னு அபீவக்காஸ் ரலியல்லாஹு அன்ஹு அவர்களின் வளவுக்குள் இரண்டு அறைகள் இருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ளும்படி ஸஅதிடம் வந்து கேட்டார்கள். ஸஅது முதலில் மறுத்தார்கள். கூட இருந்த மிஸ்வர் ரலியல்லாஹு அன்ஹு, வாங்கத்தான் வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். அப்படியானால் நாலாயிரத்துக்கு மேல் கொடுக்கமாட்டேன், அதுவும் தவணையில்தான் என்றார்கள் ஸஅது. அபூராபிஉ அவர்களுக்கோ வெளியில் 500 தீனார் கேட்டு ஆள் வந்திருந்தது. தீனாருக்குப் பத்து திர்ஹம் என்று வைத்தாலும் 5,000 ஆகிறது. ஆயிரம் திர்ஹம் நஷ்டம்; தவணை வேறு. இருந்தும் ஸஅதுக்கே கொடுத்தார்கள். அருகிலிருப்பதனால் அண்டை வீட்டானுக்கே முதல் உரிமை என்று நாயகம் அவர்கள் சொல்லக் கேட்டிராவிட்டால் கொடுத்திருக்கமாட்டேன் என்று சொல்லியே கொடுத்தார்கள். ஷாபிஈ உலமாக்கள் இங்கே அண்டை வீட்டான் என்பதற்குக் கூட்டாளி என்று பொருள் கொண்டார்கள்; கடமையல்ல, உபகாரம் என்றும் சிலர் சொன்னார்கள். எந்த விளக்கத்தை எடுத்தாலும் அபூராபிஉ அவர்கள் செய்த காரியம் மாறப்போவதில்லை. விற்பதற்கு முன் சுவருக்கு அடுத்த பக்கம் இருப்பவரிடம் நேரில் போய்ச் சொன்னார்கள். மிஸ்வர் அவர்களையும் கவனியுங்கள். அந்தப் பேரத்தில் இடையில் நின்றவர் அவர்கள்தாம். கூலி வாங்காத தரகர்.

இக்காலத்தில் இது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நடப்பதை நான் கண்டிருக்கிறேன். சூலியா தெருப் பக்கம் ஒரு தரகர் இருக்கிறார், சீனர், வயதானவர். எந்தக் கடைவீட்டை விற்கச் சொல்லி யார் வந்தாலும் அவர் சொந்தக்காரரிடம் முதலில் கேட்பது, "பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லலாமா?" என்பதுதான். சம்மதம் கிடைத்தால் தாமே நடந்து போய் இரு பக்கத்தாரிடமும் சொல்லிவிட்டு, அவர்கள் வாங்கவில்லை என்று தெரிந்த பிறகே வெளியில் விளம்பரம் செய்வார். நடுச் சுவரில் எங்கே ஈரம் கசிகிறது என்பதையும் வாங்க வருகிறவரிடம் ஒளிக்கமாட்டார். சுவர் இரண்டு கடைக்கும் பொது, இன்று நான் ஒளித்தால் நாளைக்கு இருவரும் சண்டை போடுவார்கள் என்பார். இவர் ஹதீது படித்தவர் அல்லர். ஆயினும் இந்த விஷயத்தில் நம் பெஞ்சில் உட்கார்ந்து ஹதீது பேசுகிறவர்களைவிட இவர் கிட்டத்தில் இருக்கிறார்.

சட்ட விஷயத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் வீட்டுத் தரகை 1981-ஆம் வருஷத்து 242-ஆம் சட்டம் ஆள்கிறது. தரகர் அரசாங்க வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும், அல்லது பதிந்தவரின் நிறுவனத்துக்குக் கீழ் வேலை செய்பவராக, எண் உள்ள அட்டை அணிந்திருக்க வேண்டும். அந்த எண்ணை வாரியத்தில் சரிபார்க்கலாம். விற்பனைக் கமிஷன் நூற்றுக்கு மூன்று வெள்ளிக்கு மேல் போகக் கூடாது. முன்பணத்தைத் தரகரின் சொந்தக் கணக்கில் போடாதீர்கள். சிங்கப்பூரில் உறவும் கடையும் உள்ளவர்கள் கவனிக்க: அங்கே 2010-ல் இதற்கென ஒரு மன்றம் ஏற்பட்டது, ஒரே பேரத்தில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே ஆள் தரகராக நிற்க அங்கே அனுமதி இல்லை. இதெல்லாம் தெரிந்ததுதான். தெரியாதது போல் நாம் இருப்பது வேறொன்று: அட்டையும் இல்லாமல், பதிவும் இல்லாமல், கல்லாவில் உட்கார்ந்தபடியே, அந்தக் கடை விலைக்கு வரும் போலிருக்கிறது என்று கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பிவிட்டு, பேரம் முடிந்த பிறகு சிவப்பு உறையில் அன்பளிப்பு வாங்குகிறோமே, அதுவும் தரகுதான். சட்டப்படிக் குற்றமும்கூட. நான் உறை வாங்கவில்லை. சும்மாவே சொன்னேன். அது எந்த வகையில் மேல் என்று எனக்குத் தெரியவில்லை.

பெரியவர் கடையைக் காலி செய்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பெர்ரி ஏறிப் பட்டர்வொர்த் போனேன். மனிதருடைய ஹக்கில் செய்த தவறுக்கு அந்த மனிதரிடமே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது நாம் அறிந்தது. நடந்ததைச் சொல்லி, நான்தான் தரகரிடம் சொன்னேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்தார். "தெரியும் தம்பி. நோட்டீஸ் வந்த அன்றைக்கே தரகர் சொன்னார், உங்கள் அடுத்த கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும் என்று" என்றார். நோட்டீஸ் வந்த நாளுக்கும் அவர் கடையைக் காலி செய்த நாளுக்கும் இடையில் ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் காலையில் கதவைத் திறந்தவுடன் எனக்கு ஸலாம் சொன்னார். ரபீயுல் அவ்வலில் மௌலிதுச் சோறு அனுப்பினார். ஒரு நாளும் கேட்கவில்லை. மன்னித்தேன் என்று சொன்னார். அதன் பிறகு என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார்.

நாசி கண்டார் பெரியவர் கேட்ட கேள்விக்கு மார்க்கத் தீர்ப்பு என்ன என்பதை இமாம் அவர்களிடம் விட்டிருக்கிறோம். அவருடைய கடைக்குப் பின்புறமுள்ள கித்தாங்கியும் விலைக்கு வருவதாகக் கேள்வி. அதை அவரே வாங்க விரும்பினால், தவணைக்கு உதவியாகச் சங்கத்து அங்கத்தினர்கள் சிலர் சேர்ந்து வட்டியில்லாக் கடன் கொடுக்க முடியுமா என்பதும் அன்றைக்குப் பேசப்படும். அத்தர்க்கடைப் பெரியவர் தவணை தேடிய காலத்தில் இந்த யோசனை எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. வருகிற மாதம் முதல் வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு சங்கக் கட்டிடத்தில் மஜ்லிஸ். இரு பக்கத்தையும் விற்றுக் கொடுத்த அந்தத் தரகரையும் நேரில் போய் அழைத்திருக்கிறேன். கொஞ்சம் யோசித்துவிட்டு வருவதாகச் சொன்னார்.

வஸ்ஸலாம்.